வலையொலித் தொடர்களில் நெருக்கமும் நம்பகமும்: பேச்சுத் தமிழின் சில கூறுகள்

1. முன்னுரை

இணையத்தின் வழியே பகுதி பகுதியாக வெளியிடப்பெற்று, கேட்போர் தாம் விரும்பிய நேரத்தில் தம் கருவியில் பெற்றுக் கேட்கத்தக்க ஒலித்தொடர் ‘பாட்காஸ்ட்’ என வழங்கப்படுகிறது. 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தின் ‘கார்டியன்’ நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் இச்சொல் இடம்பெற்றது. ‘ஐபாட்’ என்னும் கருவிப்பெயரும் ஒலிபரப்பைக் குறிக்கும் ‘பிராட்காஸ்ட்’ என்னும் சொல்லின் பிற்பகுதியும் சேர்ந்தமைந்த கலப்புச்சொல் இது. 2022இல் ஐபாட் உற்பத்தி நின்றுவிட்டது, சொல்லோ நிலைபெற்றுவிட்டது. தமிழில் ‘பாட்காஸ்ட்’ என்னும் கடன்சொல்லும் ‘வலையொலி’ என்னும் ஆக்கச்சொல்லும் வழக்கில் உள்ளன. இக்கட்டுரை பின்னதை ஆள்கிறது.

மொழி நிறுவனங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் மொழிபெயர்ப்பாளர் குழுக்களும் தம் ஆய்வுகளைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்ல இவ்வடிவத்தை நாடுவது இயல்பே. அங்ஙனம் தொடங்குவோர் ஒலிவாங்கி, பதிவுக்கூடம், வெளியீட்டுத் தளம் ஆகியன குறித்துப் பெரிதும் கவலை கொள்கின்றனர். எந்தத் தமிழில், யாரை விளித்து, எந்த அளவு உறுதியுடன் பேசுவது என்னும் வினா பின்னுக்குத் தள்ளப்படுகிறது. கேட்போர் திரும்ப வருவதும் சொன்னதை ஏற்பதும் பெருமளவு இவ்வினாவிற்குத் தரும் விடையையே பொறுத்தவை.

இரண்டு கருத்துகளை இங்கு வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். பேசுபவர் தம்மவர் என்று கேட்போர் உணர்வது நெருக்கம். பேசுபவர் சொல்வது ஏற்கத்தக்கதா என்று மதிப்பிடக் கேட்போருக்கு வழி இருப்பது நம்பகம். முன்னது எளிதில் வாய்ப்பது. பின்னது முயன்று அமைக்க வேண்டியது. இரண்டிற்கும் உரிய கருவிகள் பேச்சுத் தமிழின் இலக்கணத்திலேயே உள்ளன என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. கேட்கும் சூழலும் விளிப்பும்

தமிழில் பலர் கேட்கப் பேசுவதற்கு நமக்குக் கிடைத்த வலுவான முன்மாதிரி மேடைப்பேச்சு. இருபதாம் நூற்றாண்டின் அரசியல் மேடையில் செந்தமிழ் பெற்ற இடத்தைப் பெர்னார்டு பேட் 2009இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். மேடைப்பேச்சு கூட்டத்தை நோக்கியது. கேட்பவர் தம்மைக் கூட்டத்தின் ஓர் உறுப்பாக உணர்வதே அதன் பயன்.

வானொலி இதனின்றும் வேறுபட்டது என்பதைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டவர்களுள் ஹில்டா மாத்தீசன் குறிப்பிடத்தக்கவர். 1927 முதல் பி.பி.சி.யின் உரைப்பிரிவின் இயக்குநராகப் பணியாற்றிய இவர், ஒலிவாங்கியின் முன் கூட்டத்திற்குப் பேசுவதுபோல் பேசுவது பயன்தராது என்றும், வீட்டிலிருக்கும் தனியொருவருக்குச் சொல்வதாக உரை அமைய வேண்டும் என்றும் கருதி, உரையாளர்களை அதற்கேற்பப் பயிற்றினார். அவ்வுரைப்பிரிவில் பணியாற்றிய லயனல் ஃபீல்டன் 1935இல் இந்தியாவிற்கு வந்து இந்நாட்டு ஒலிபரப்பின் பொறுப்பை ஏற்றார். 1936இல் அது ‘அகில இந்திய வானொலி’ எனப் பெயர் பெற்றது.

எனினும் இந்திய வானொலியில் விளிப்பு பெரும்பாலும் பன்மையாகவே நிலைத்தது. தமிழில் ‘நேயர்களே’ என்பது அதன் அடையாளம். அன்பைக் குறிக்கும் ‘நேயம்’ என்னும் சொல்லினின்று கேட்போருக்கு ஒரு பெயரைப் படைத்துக்கொண்டமை தமிழ் வானொலியின் நயமான ஆக்கங்களுள் ஒன்று. விளிப்பின் ஆற்றலுக்கு இந்தியிலும் ஒரு சான்று உண்டு. பி.வி. கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை விலக்கியது. கேட்போரில் பெரும்பகுதியினர் இலங்கை வானொலிக்குச் சென்றனர். அவ்வாண்டு அங்குத் தொடங்கிய ‘பினாகா கீத்மாலா’ நிகழ்ச்சியை வழங்கிய அமீன் சயானி, சகோதரிகளை முன்னும் சகோதரர்களை அடுத்தும் வைத்து விளித்த முறையும், அவர் கையாண்ட எளிய இந்துஸ்தானியும் நாடெங்கும் அறியப்பட்டன. 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதியைத் தொடங்கியது கேட்போரை மீட்கும் முயற்சியே. பாடல் கேட்போரைக் கொண்டுவந்தது. அவர்களை இருத்தியதில் விளிப்பிற்கும் மொழிக்கும் பங்குண்டு.

வலையொலியில் கேட்பவர் பெரும்பாலும் தனியர். காதில் ஒலிப்பானை அணிந்து, பேருந்தில் செல்லும்போதோ சமையலின் இடையிலோ கேட்கிறார். தாமே தேடி எடுத்த தொடரைத் தாமே நிறுத்தவும் வல்லவர். இச்சூழலில் ‘பெருமக்களே’ என்னும் விளி தவறான வாயிலில் தட்டுவதாகும். இளைய வழக்கில் உள்ள ‘வணக்கம் மக்களே’ என்பதும் கூட்ட விளிப்பே. தொனி மட்டும் இளகியது. தனியொருவரை நோக்கிய மரியாதை வடிவமான ‘நீங்க’ இவ்வடிவத்திற்கு இயல்பாகப் பொருந்துகிறது. ‘நீங்க இத எங்கயாவது கேட்டிருப்பீங்க’ என்னும் தொடர் ஒருவருக்கும் பொருந்தும், பலருக்கும் பொருந்தும். கேட்பவர் அதனைத் தமக்கெனவே எடுத்துக்கொள்வார்.

3. ‘நாம்’, ‘நாங்கள்’

தன்மைப் பன்மையில் கேட்பவரை உளப்படுத்தும் வடிவமும் உளப்படுத்தாத வடிவமும் தமிழில் தனித்தனியே உள்ளன. தெலுங்கில் ‘மனமு’, ‘மேமு’ என்றும், மலையாளத்தில் ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’ என்றும், மராத்தியில் ‘ஆபண்’, ‘ஆம்ஹீ’ என்றும் இவ்வேறுபாடு காணப்படுகிறது. இக்காலக் கன்னடத்தின் ‘நாவு’, இந்தியின் ‘ஹம்’, ஆங்கிலத்தின் ‘வீ’ ஆகியன இரண்டிற்கும் பொது.

வலையொலியில் இது வெறும் இலக்கண வேறுபாடன்று. பின்வரும் தொடர்களை நோக்குக.

(அ) நாங்க இந்த வாரம் மூணு கல்வெட்டப் படிச்சுப் பாத்தோம்.
(ஆ) இப்ப அதுல ஒண்ண நாம சேந்து பாக்கலாம்.
(இ) நாம எல்லாருமே இத்தன நாளா ஏமாந்துட்டோம்.

(அ) ஆய்வுப் பணியின் பொறுப்பைக் குழுவினர்மேல் நிறுத்துகிறது. (ஆ) கேட்பவரை அப்பணிக்குள் அழைக்கிறது. (இ) கேட்பவர் ஒப்பாத ஒரு முடிவை அவர் வாயிலும் வைக்கிறது. ‘நாம’ நெருக்கம் தரும் வடிவம். ஆகவே அதனைக் கொண்டு கருத்தை நுழைப்பதும் எளிது. செய்தது யார், அறிந்தது யார் என்று சொல்ல வேண்டிய இடங்களில் ‘நாங்க’ என்றே கூறுவது நேர்மை. ஆங்கிலத் தொடர்களைத் தமிழாக்குவோர் ‘வீ’ வரும் ஒவ்வோரிடத்திலும் இத்தெரிவைச் செய்தாக வேண்டும். எல்லா இடத்தும் ‘நாம்’ என எழுதிச் செல்வது மூலத்தில் இல்லாத ஓர் உடன்பாட்டைக் கேட்போர்மேல் சுமத்தும்.

4. வாசிப்பும் பேச்சும்

எர்விங் கோஃப்மன் ‘பேச்சு வடிவங்கள்’ என்னும் தம் நூலில் (1981) மனப்பாடம் செய்து ஒப்பித்தல், எழுதியதை உரக்கப் படித்தல், அவ்வப்போது ஆக்கிப் பேசுதல் ஆகிய மூன்றையும் வேறுபடுத்திக் காட்டினார். ஒலிபரப்புத் தொழிலின் பெரும்பகுதி, படிப்பதை அப்போதே பேசுவதுபோல் தோற்றச் செய்யும் திறமையைச் சார்ந்தது.

ஆங்கிலத்தில் இத்தோற்றம் பெரிதும் ஒலிநயத்தால் நிறைவேறும். தமிழில் அது போதாது. ஃபெர்குசன் (1959) வகுத்த இரட்டை வழக்கு நிலைக்குத் தமிழ் தெளிவான எடுத்துக்காட்டு. ‘சென்றுகொண்டிருக்கின்றனர்’ என்று எழுதிவைத்து எவ்வளவு இயல்பாக ஒலித்தாலும் அது படிப்பே. ‘போயிட்டிருக்காங்க’ என்னும்போதுதான் பேச்சாகிறது. தமிழில் பேச்சின் தோற்றம் வினைமுற்றின் விகுதியிலேயே வெளிப்பட்டுவிடுகிறது.

எந்த வட்டாரத்தின் பேச்சு என்னும் வினா அடுத்து எழுகிறது. வட்டார, சாதி அடையாளங்கள் குறைந்து, பல பகுதியினரும் தம்முள் பேசப் பயன்படும் ஒரு பொதுப் பேச்சுத் தமிழ் உருவாகி வருவதை ஹெரால்டு ஷிஃப்மன் (1998) எடுத்துரைத்தார். திரைப்படமும் வெவ்வேறு பகுதியினர் கூடும் கல்லூரிச் சூழலும் அதற்குத் துணைசெய்தன என்பது அவர் கருத்து. தொடரின் பொதுநடைக்கு இது பொருத்தமானது. ஆயினும் பேசுபவர் நாஞ்சில் நாட்டவராகவோ கொங்குப் பகுதியினராகவோ இருப்பின், அவர்தம் இசையையும் சில சொற்களையும் மறைக்க வேண்டியதில்லை. மறைத்த குரல் நாடகக் குரலாகிவிடும்.

ஆலன் பெல் (1984) நியூசிலாந்து வானொலியில் செய்த ஆய்வு இங்குப் பயன்படும். அதே செய்தி வாசிப்பவர்கள், ஒரே கூடத்திலிருந்து இரு வேறு நிலையங்களுக்கு வாசித்தபோது, ஒவ்வொரு நிலையத்தின் கேட்போருக்கும் ஏற்பத் தம் ஒலிப்பை மாற்றிக்கொண்டனர். பேச்சுநடையைப் பெரிதும் தீர்மானிப்பது கேட்போரே என்பது அவர் முடிவு. வலையொலி தொடங்குவோருக்கு முதலில் ‘கேட்போர்’ என்று எவரும் இலர். எனவே யாருக்குப் பேசுகிறோம் என்பதைத் தாமே முடிவுசெய்து, எல்லாப் பகுதிகளிலும் அவரையே முன்னிறுத்த வேண்டும். ஒரு பகுதி செந்தமிழாகவும் மறுபகுதி நண்பர் அரட்டையாகவும் அமைந்தால் கேட்பவர் தம் இடம் எதுவென்று அறியார்.

5. சான்று காட்டும் கூறுகள்

நெருக்கத்திற்கு உரியவை மேற்கூறியவை. இனி நம்பகத்திற்கு உரியவற்றைக் காண்போம். ஒரு செய்தியைச் சொல்பவர் அதனைத் தாமே கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா, குறிப்பால் உய்த்தறிந்தாரா என்பதைப் பேச்சுத் தமிழ் சிக்கனமாகக் காட்டவல்லது.

(ஈ) நேத்து மழ பெஞ்சுது.
(உ) நேத்து மழ பெஞ்சுதாம்.
(ஊ) நேத்து மழ பெஞ்சிருக்கு போல.

(ஈ) சொல்பவரின் உறுதி. (உ) கேள்வி அறிவு. (ஊ) தரையின் ஈரத்தையோ வேறொன்றையோ கண்டு செய்த உய்த்துணர்வு. கேள்வி அறிவைக் காட்டும் ‘-ஆம்’ போன்ற ஒட்டுகளும் இடைச்சொற்களும் தெலுங்கில் ‘-அட’ என்றும், கன்னடத்தில் ‘-அந்தெ’ என்றும், மலையாளத்தில் ‘-அத்ரெ’ என்றும், மராத்தியில் ‘ம்ஹணே’ என்றும் உள்ளன. இந்தியில் ‘சுனா ஹை’, ‘கஹ்தே ஹைன்’ போன்ற தனித்தொடர்கள் அப்பணியைச் செய்கின்றன. தமிழ்ப் பகுதியொன்றை இந்திக்குக் கொண்டுசெல்வோர் வினையின் ஈற்றில் ஒட்டிய இச்சிறு உருபைத் தவறவிட்டால் கேள்விப்பட்டது கண்டதாகிவிடும்.

‘-ஆம்’ உருபிற்கு வேறொரு முகமும் உண்டு. ‘அவரு பெரிய அறிவாளியாம்’ என்பதில் கேள்வி அறிவைவிட எள்ளலே மிகுதி. ‘அமைச்சர் அப்படிச் சொன்னாராம்’ என்பது, சொன்னதை நாம் நம்பவில்லை என்னும் குறிப்பை எளிதில் ஏற்கும். ஆகவே அறியப்பட்ட மூலத்தினின்று எடுத்துரைக்கும்போது, மூலத்தின் பெயரைக் கூறி ‘ன்னு சொல்லியிருக்காரு’, ‘ன்னு அந்த அறிக்கையில இருக்கு’ என முடிப்பதே நடுநிலையானது. மூலம் அறியப்படாத வழக்குச் செய்திக்கு ‘-ஆம்’ பொருந்தும்.

எழுத்துத் தமிழில், குறிப்பாக ஆங்கிலச் செய்தியின் மொழிபெயர்ப்பில், ‘எனக் கூறப்படுகிறது’, ‘என நம்பப்படுகிறது’ என்னும் முடிபுகள் பெருகியுள்ளன. இவை கூறியவரையும் நம்பியவரையும் மறைத்துவிடுகின்றன. ஆயினும் செந்நடையின் மதிப்பால் இவை உறுதியான கூற்றுகள்போல் ஒலிக்கின்றன. இத்தகைய வாக்கியத்தைப் பேச்சுக்கு மாற்ற முயலும்போதே ‘யாரு சொன்னா?’ என்னும் வினா எழும். அவ்வினாவிற்கு விடை தேடுவது பதிப்பாசிரியரின் முதற்பணி.

துணைவினைகளிலும் கவனம் வேண்டும். தமிழ்த் துணைவினைகள் பல, செயலைப் பற்றிய பேசுபவரின் மனநிலையையும் சேர்த்தே உணர்த்துகின்றன. ‘அறிக்கை வந்துச்சு’ என்பதற்கும் ‘அறிக்கை வந்து தொலைஞ்சுது’ என்பதற்கும் செய்தியில் வேறுபாடில்லை, சார்பில் உண்டு. பேச்சுமொழியில் இவை தாமே வந்துவிழும். கருத்துரைக்கும் இடத்தில் இவற்றிற்கு இடமுண்டு. செய்தி உரைக்கும் இடத்தில் இவை கேட்பவரின் முடிவை முந்திக்கொள்கின்றன.

6. நெருக்கத்தின் இடர்

1956இல் டொனால்டு ஹார்ட்டனும் ரிச்சர்டு வோலும், ஒலிபரப்பில் தோன்றுபவரோடு கேட்போரும் காண்போரும் கொள்ளும் ஒருதலை நட்பை விளக்கினர். தம்மை அறியாத ஒருவரைத் தாம் நன்கு அறிவதாக உணர்வது அதன் இயல்பு. வாரந்தோறும் காதருகே ஒலிக்கும் குரல் இவ்வுணர்வை மிகுவிக்கும். அது தன்னளவில் தீதன்று. ஆனால் சொன்னதன் உண்மைக்கு அது சான்றாகாது.

இதன் விளைவு சிறிதன்று. 2018இல் குழந்தை கடத்துவோர் பற்றிய வதந்திகள் கைபேசிச் செய்திகளாகப் பரவி, தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் குற்றமற்றோர் கொல்லப்படக் காரணமாயின. வதந்தி பரவும் வழியை ஓர் உருபின் வழியாகவே விளக்கலாம். ‘புள்ளைங்களக் கடத்துறாங்களாம்’ என்பது கேட்டதைக் கேட்டதாகச் சொல்வது. அடுத்தவர் ‘கடத்துறாங்க’ என்று சொல்லும்போது அது அறிந்த செய்தியாகிறது. ஓர் உருபு உதிர்கிறது. யாரும் பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. தெரிந்தவரிடமிருந்து வந்தது என்னும் நெருக்கமே சான்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் நம்மிடம் உண்டு. 1960களின் பிற்பகுதியில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்னும் நெல்வகை பரவியபோது, திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் அதில் பெரும்பங்கு கொண்டன. உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர். குரல் கொணர்ந்த செய்தியை அவர்கள் வயலில் சோதித்துப் பார்க்க முடிந்தது என்பது இங்கு முக்கியமானது. கேட்டது விளைச்சலோடு ஒத்தபோதுதான் பெயர் நிலைத்தது. சரிபார்க்க இடந்தரும் பேச்சே நம்பிக்கையைத் தாங்கும்.

7. தொடங்குவோருக்குச் சில நடைமுறைகள்

மேற்கண்ட விளக்கத்தினின்று சில நடைமுறைகளைப் பெறலாம்.

முதலாவது, முழு உரையையும் எழுதிப் படிப்பதைத் தவிர்த்து, கருத்து வரிசையை மட்டும் குறித்துக்கொண்டு பேசிப் பதிவு செய்க. பிழைபடக்கூடாத பெயர், ஆண்டு, எண், மேற்கோள் ஆகியவற்றை மட்டும் எழுதி வைத்துக்கொள்க. எழுதியே ஆகவேண்டுமெனின், முதலில் வாயால் சொல்லி, பதிவைக் கேட்டு, பின் எழுதுக.

இரண்டாவது, கலைச்சொல்லை அறிமுகம் செய்யும் முறை. எழுத்தில் அடைப்புக்குறி உண்டு. காதிற்கு அது இல்லை. பொருளை முதலில் எளிய தொடரில் சொல்லி, பின் கலைச்சொல்லைத் தந்து, உடனே ஓர் எடுத்துக்காட்டில் ஆள்க. ‘ஒரே சமூகத்துல எழுதுறதுக்கு ஒரு மொழிநட, பேசுறதுக்கு இன்னொண்ணு. இதத்தான் இரட்டை வழக்குன்னு சொல்றோம்’ என்பது போல. ஒரு பகுதியில் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் வேண்டா.

மூன்றாவது, ஆங்கிலக் கலப்பு. பேச்சில் இயல்பாக வழங்கும் கடன்சொற்களை விலக்கத் தேவையில்லை. ‘பஸ்’ என்று சொல்பவர் ஒலிவாங்கியின் முன் மட்டும் ‘பேருந்து’ என்று சொன்னால் கேட்பவர் அந்த மாற்றத்தை உணர்வார். ஆனால் வாதத்தின் இணைப்புச் சொற்கள் ஆங்கிலத்தில் அமையின், ஆங்கிலம் அறியாதவர் வாதத்தையே இழப்பர். ‘ஆனா’, ‘அதனால’, ‘இருந்தாலும்’ ஆகியவை தமிழிலேயே இருக்கட்டும்.

நான்காவது, திருத்தம். அச்சில் பிழைதிருத்தப் பட்டியல் உண்டு. ஒலிக்கோப்பை ஓசையின்றி மாற்றிவிட முடியும் என்பதால் மாற்றியது எவருக்கும் தெரியாமல் போகும். முந்தைய பகுதியில் பிழை நேர்ந்திருப்பின், அடுத்த பகுதியின் தொடக்கத்தில் அதே குரலில், எது தவறு, எது சரி, எவ்வாறு தெரியவந்தது என்று சொல்வதே முறை. பழைய கோப்பைத் திருத்தினால் அதன் குறிப்புரையில் நாளுடன் பதிக.

ஐந்தாவது, எழுத்துப் பெயர்ப்பு. ஆய்வாளரும் செவிப்புலன் குறைந்தோரும் பயன்கொள்ள ஒவ்வொரு பகுதிக்கும் எழுத்து வடிவம் தேவை. பேச்சுத் தமிழுக்கு அனைவரும் ஏற்ற எழுத்துமுறை இல்லாமையால் குழு தனக்கென ஒரு முறையை வகுத்து இறுதிவரை பின்பற்ற வேண்டும். பேச்சைச் செந்தமிழாக மாற்றி எழுதுவோர் ‘-ஆம்’, ‘போல’, ‘நாங்க’ ஆகியவற்றின் பொருள் கெடாது காக்க வேண்டும்.

ஆறாவது, ஒழுங்கு. ஆறு அல்லது எட்டுப் பகுதிகள் கொண்ட ஒரு பருவத்தை முன்னரே திட்டமிட்டு, அறிவித்த நாளில் வெளியிட்டு, அறிவித்தவாறே முடிப்பது நன்று. சொன்ன நாளில் வருவது கேட்பவர் எளிதில் சரிபார்க்கக்கூடிய முதல் வாக்குறுதி.

8. முடிவுரை

வலையொலிக்குப் பேச்சுத் தமிழ் வேண்டும் என்பதை இன்று பலரும் ஏற்பர். அது நெருக்கம் தருவதால் வேண்டும் என்று மட்டும் கருதுவது பாதி உண்மை. யார் கண்டது, யார் சொன்னது, யார் ஊகித்தது, யார் பொறுப்பு என்பவற்றை வினைமுற்றின் ஈற்றிலும் ஒரு மாற்றுப்பெயரிலும் பிரித்துக்காட்டும் ஆற்றல் பேச்சுத் தமிழுக்கு இருப்பதும் அதற்குக் காரணம். மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இவ்வேறுபாடுகளை ஏட்டில் விளக்கிவருகின்றனர். ஒலிவாங்கியின் முன் அமரும்போது அவற்றைப் பேணுவது அவர்களால் எளிதில் இயலும். கேட்போருக்கு அதனால் விளையும் நன்மையோ பெரிது.